பார்த்தெனனின் படி வளைந்து தெரிகிறது: என் பனோரமாவின் பிழையா, கட்டடத்தின் அமைப்பா?

வெளிச்சக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாதம் ஏதென்ஸ் சென்றிருந்தபோது, ஒரு மாலையில் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் உள்ள பழங்கிரேக்கக் கோயிலான பார்த்தெனனின் வடக்குப் பக்கத்தை முழுவதுமாக ஒரே படத்தில் கொண்டுவர முயன்றேன். ஆறடி அகலத்தில் அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், கேமராவை நிமிர்த்திப் பிடித்து இடமிருந்து வலமாக ஒன்பது படங்கள். முக்காலிக்கு அனுமதி இல்லாததால் எல்லாம் கையிலேயே எடுத்தவை. கோயிலிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தள்ளி நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹூகின் மென்பொருளில் ஒட்டியபோது ஏறக்குறைய 19,000 பிக்சல் அகலத்தில் படம் கிடைத்தது. கூர்மையில் குறையில்லை, தூண்களில் பழைய பளிங்கும் புதிதாகச் செருகிய வெள்ளைப் பளிங்கும் சேருமிடம் வரை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தூண்களின் மேலே ஓடும் உத்தரம் வில்லைப் போல வளைந்துவிட்டது. அதை வேறொரு மென்பொருளில் கோடு வைத்து நிமிர்த்தினேன். கூடவே கீழே தூண்கள் நிற்கும் படிக்கும் ஒரு கோடு வைத்தேன். இப்போது எல்லாம் அளவுகோல் வைத்து வரைந்ததைப் போல நேராக இருக்கிறது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. படத்தைப் பார்த்த என் மகள், கல்லூரியில் கட்டடக்கலை படிப்பவள், "அப்பா, அந்தப் படி உண்மையிலேயே வளைந்ததுதான், நீங்கள் அதை நிமிர்த்திவிட்டீர்கள்" என்றாள். அப்படியானால் நான் நீக்கியதில் எவ்வளவு மென்பொருளின் வளைவு, எவ்வளவு கட்டியவர்களின் வளைவு? இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? கயிற்று வேலியும் அதன் கம்பங்களும் சில இடங்களில் இரட்டையாகத் தெரிகின்றன என்பது இன்னொரு குறை.

ஓய்வுபெற்ற அளவையர் எழுதியது:

பிரித்தறிய முடியும். நீங்கள் கொடுத்துள்ள எண்களே அதற்குப் போதும்.

உங்கள் மென்பொருள் ஒன்பது படங்களையும் ஓர் உருளையின் உட்சுவரில் ஒட்டி, பிறகு அந்த உருளையைக் கத்தரித்து விரித்திருக்கிறது. ஹூகினில் சிலிண்ட்ரிக்கல் என்று இருப்பது இதுதான். இந்த முறையில் செங்குத்துக் கோடுகள் நேராகவே இருக்கும். கிடைக்கோடுகளில் கண் மட்டத்தில் ஓடுவது மட்டுமே நேராக நிற்கும். கண் மட்டத்துக்கு மேலே உள்ளவை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழும்; கீழே உள்ளவை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயரும். காரணம் எளியது: கோயிலின் நடுப்பகுதி உங்களிடமிருந்து 25 மீட்டர், மூலைகளோ சுமார் 43 மீட்டர். தொலைவில் உள்ளது சிறுத்துத் தெரிகிறது.

இனி கணக்கு. உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான், 50 மி.மீ. லென்ஸோடு 25 மீட்டரில் அது கட்டடத்தின் மேல் 3 மில்லிமீட்டருக்குச் சமம். கோயிலின் நீளம் 69.5 மீட்டர் என்பதால் அது உங்கள் கண்ணில் ஏறத்தாழ 108 பாகை விரிகிறது. தூண்களின் உயரம் 10.4 மீட்டர். அவற்றின் உச்சியில் தொடங்கும் உத்தரம் உருளை முறையில் ஓரத்தைவிட நடுவில் 1,400 பிக்சலுக்கு மேல் உயர்ந்து தெரிய வேண்டும். நீங்கள் கண்ட வில் அதுதான்.

கட்டடத்தின் சொந்த வளைவோ நீண்ட பக்கத்தின் நடுவில் சுமார் 11 செ.மீ. மட்டுமே, உங்கள் படத்தில் ஏறக்குறைய 37 பிக்சல். அதாவது மென்பொருள் உண்டாக்கிய வளைவு அதைப் போல 40 மடங்கு. இதில் ஒரு நுட்பமும் உண்டு. படி உங்கள் கண் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்திருந்தால், உருளை முறை அதை நடுவில் சுமார் 70 பிக்சல் தாழ்த்தியிருக்கும். உண்மையான 37 பிக்சல் உயர்வு அதற்குள் மூழ்கி, மேலே வளைந்த படி கீழே தொய்ந்ததாகத் தெரியும். ஆகவே உருளை முறைப் படத்தை வைத்துக்கொண்டு வளைவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

செய்ய வேண்டியது இது. கோடு வைத்து நிமிர்த்திய கோப்பை ஒதுக்கிவிடுங்கள். அந்த வகை மென்பொருள் நீங்கள் காட்டும் கோட்டை நேராக்கும் வரை படத்தை ரப்பரைப் போல இழுக்கும். எது இயல்பான வளைவு என்று அதற்குத் தெரியாது. மூல ஒன்பது படங்களை மீண்டும் ஒட்டி, இம்முறை ரெக்டிலீனியர் எனப்படும் தட்டை முறையில் வெளியிடுங்கள். அதில் நேர்கோடு நேர்கோடாகவே விழும். வளைந்தது வளைந்தே விழும். அதற்கும் ஒரு விலை உண்டு: நடுவிலிருந்து 54 பாகை தள்ளியுள்ள ஓரத்தில் படம் அகலவாக்கில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுபடும். கோயிலின் முகப்புத் தளம் அளவு மாறாமல் வரும், ஆனால் உருண்டையான மூலைத் தூண்கள் தடித்துப் பெருத்துத் தெரியும். ஆராய்வதற்குத் தட்டை முறை, மாட்டுவதற்கு வேறு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது.

உத்தரம் எழுதியது:

உங்கள் மகள் சொன்னது சரி. வளைவின் பின்னணியைச் சற்று விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கி.மு. 447 முதல் 432 வரை கட்டப்பட்ட இந்தக் கோயிலில் இக்தினோஸ், கல்லிக்ரதேஸ் என்ற கட்டடக்கலைஞர்கள் தூண்கள் நிற்கும் மேற்படியையே நடுவில் உயர்த்திக் கட்டினார்கள். நீண்ட பக்கங்களில் சுமார் 11 செ.மீ., குறுகிய பக்கங்களில் சுமார் 6 செ.மீ. அந்த வளைவு படியோடு நிற்காமல் தூண்களின் வழியாக உத்தரம் வரை ஏறுகிறது. எனவே கற்களில் பெரும்பாலானவை துல்லியமான செங்கோணப் பெட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்றே செதுக்கப்பட்டது. நம் ஊர்க் கொத்தனார் ரசமட்டத்தைப் படியில் வைத்தால் குமிழி நடுவில் நிற்காது, அதைக் கட்டியவனின் பிழை என்றே அவர் சொல்வார்! ரோமானியக் கட்டடக்கலைஞர் வித்ருவியஸ் இதற்குத் தரும் காரணம், முழு மட்டமாகக் கட்டினால் அடித்தளம் நடுவில் குழிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும் என்பது. மழைநீர் வடிவதற்கு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு முதல் காரணம் மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை. நீர் வடிய வேண்டும் என்பதற்காக மட்டும் உத்தரம் வரை வளைத்திருக்கவும் மாட்டார்கள். இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

இந்த வளைவு 19ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியர் கண்ணில் மீண்டும் பட்டது. பிரான்சிஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் 1846-47இல் அதை நுணுக்கமாக அளந்து 1851இல் வெளியிட்டார்.

உங்கள் வேலைக்கு முக்கியமான எச்சரிக்கைகள் இரண்டு. முதலாவது, வளைவைத் தேடும்போது படியை நம்புங்கள், உத்தரத்தை அந்த அளவுக்கு நம்பாதீர்கள். 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே துருக்கியர் சேமித்திருந்த வெடிமருந்து வெடித்தபோது நீண்ட பக்கங்கள் இரண்டிலும் நடுத் தூண்கள் சரிந்தன. வடக்கு வரிசையை 1920களில் பொறியாளர் பாலானோஸ் தூக்கி நிறுத்தினார்; அவர் பயன்படுத்திய இரும்புப் பட்டைகள் துருப்பிடித்துப் பளிங்கைப் பிளந்ததால், பிற்காலத்தில் அதே வரிசையைப் பிரித்து டைட்டானியம் வைத்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கண்ட வெள்ளைச் செருகல்கள் அந்த வேலைதான். அடியில் உள்ள படியோ தன் இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது, தூண்களைச் செங்குத்துக்கு அடையாளமாக ஹூகினில் குறிக்காதீர்கள். அடியில் 1.9 மீட்டர் விட்டமுள்ள தூண் உச்சியில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. இடையில் மெல்லப் புடைத்தும் இருக்கும். போதாததற்குத் தூண்கள் உட்புறமாகச் சுமார் 7 செ.மீ. சாய்ந்து நிற்கின்றன, மூலைத் தூண்கள் குறுக்குவாட்டில் சாய்கின்றன. இந்தக் கட்டடத்தில் நம்பத்தக்க செங்குத்துக் கோடு வேண்டுமென்றால், எல்லோரும் படத்தைக் கெடுப்பதாகத் திட்டும் இரும்புச் சாரத்தின் குழாய்களைத்தான் தேட வேண்டும். உங்கள் படத்தில் ஏதேனும் ஒரு மூலையில் சாரம் விழுந்திருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

நடைப்பயணி எழுதியது:

வளைவைப் பற்றி மேலே இருவரும் சொன்னதற்குமேல் என்னிடம் ஒன்றுமில்லை. கயிறு இரட்டையாகத் தெரிவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது இடமாறு தோற்றப் பிழை. நீங்கள் உடம்பைத் திருப்பினீர்கள்; கேமரா உங்கள் முகத்துக்கு முன்னால் ஒரு வட்டத்தில் நகர்ந்தது. படத்துக்குப் படம் லென்ஸ் 5 செ.மீ. நகர்ந்திருந்தால் 25 மீட்டர் தொலைவிலுள்ள தூணில் அது 17 பிக்சல்தான், ஒட்டும்போது மென்பொருள் சமாளித்துவிடும். இரண்டு மீட்டரில் இருக்கும் கயிற்றிலோ 200 பிக்சலைத் தாண்டும். தூணுக்குப் பொருத்தினால் கயிறு பிளக்கும், கயிற்றுக்குப் பொருத்தினால் தூண் பிளக்கும்.

கிரீஸின் தொல்லியல் வளாகங்களுக்குள் முக்காலி வைக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் முன்னனுமதி வேண்டும், ட்ரோனுக்கும் அப்படித்தான். எனவே நான் கைக்கொள்ளும் முறை கொத்தனாரின் தூக்குக்குண்டு. லென்ஸ் குழலில், ஒளி குறுகி ஒன்றுகூடுவதாக முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளைக்கு நேராக, ஒரு ரப்பர் வளையம் போட்டு அதில் நூலைக் கட்டி, நுனியில் சிறு குண்டைத் தொங்கவிடுவேன். குண்டு தரையில் ஒரு கூழாங்கல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கேமராவை மையமாக வைத்து நான் அதைச் சுற்றி நகர்வேன். முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். காவலர் ஒருவர் என்னிடம் நீங்கள் நிலநடுக்கம் அளக்கிறீர்களா என்று கேட்டார். ஆனால் பிழை ஓரிரு சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

எடுத்து முடிந்த படத்துக்கு இது உதவாது என்பது தெரியும். கயிறு எந்தப் படத்தில் முழுமையாக விழுந்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, பக்கத்துப் படத்தில் கயிற்றுப் பகுதியை மாஸ்க் போட்டு மறையுங்கள். நடமாடும் மனிதர்களுக்கும் இதே வழிதான்.

நீங்கள் ஜூன் மாலையில் சென்றது நல்வினை. வடக்குப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். குளிர்காலத்தில் தெற்கே இருக்கும் சூரியனை நோக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கோடையில் மட்டும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு சூரியன் மேற்கைத் தாண்டி வடமேற்கே இறங்கும்போது, வெயில் அந்தத் தூண்களின் மேல் சாய்வாக விழுந்து வரிப்பள்ளங்களைக் காட்டும். அதே நேரத்தில் தெற்குப் பக்கம் நிழலாகிவிடும் என்பதால், அக்ரோபோலிஸுக்குத் தென்மேற்கே உள்ள பிலோபாப்போஸ் குன்றிலிருந்து கோடை அந்தியில் எடுத்தவர்கள் பலர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள், நானும் ஒருவன். அந்தக் குன்றிலிருந்து எடுக்கக் குளிர்காலமே சரி. அப்போது சூரியன் தென்மேற்கில், நமக்கு நேர் பின்னால் இறங்கும்.

உருளை முறையை அடியோடு வெறுத்துவிடாதீர்கள். எபிடாவ்ரோஸின் பழங்கிரேக்க நாடக அரங்கில் 55 வரிசைகளில் கடைசி வரிசையின் நடுவில் அமர்ந்து எடுத்த படத்தை நான் உருளை முறையில்தான் வெளியிட்டேன். அங்கே இருக்கைகள் எல்லாம் வட்டம், நடு மேடையும் வட்டம்; வளையக் கூடாத கோடு என்று கண் தேடுவதற்கு எதுவுமில்லை. அந்தப் படத்தில் நான் செய்த தவறு வேறு: எக்ஸ்போஷரைப் பூட்ட மறந்துவிட்டேன், இடையில் ஒரு மேகம் வந்து போனது, இன்றும் வலப்பக்க இருக்கைகள் ஒரு நிறம், இடப்பக்கம் ஒரு நிறம்.

பழைய தட்டு எழுதியது:

இவ்வளவு பிக்சல் கணக்கையும் படித்த பிறகு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். வளைவைக் காட்டுவதுதான் நோக்கமென்றால், நேர் எதிரே நின்று பனோரமா எடுப்பது அதற்கு மிக மோசமான இடம். எழுபது மீட்டரில் 11 செ.மீ. என்பதை எதிரே நிற்கும் கண் உணராது. வில்லியம் ஸ்டில்மேன் என்ற அமெரிக்கர் 1869இல் அக்ரோபோலிஸைப் படமெடுத்து அடுத்த ஆண்டு தொகுப்பாக வெளியிட்டார். அதில் ஒரு படத்துக்காக அவர் கோயிலின் மூலையில் தாழ வைத்த கேமராவால், கிழக்குப் படியை அதன் நீளவாக்கில் எடுத்தார். அப்படிப் பார்க்கும்போது எழுபது மீட்டரோ முப்பது மீட்டரோ ஒரு கையளவாகச் சுருங்கி, வளைவு மீனின் முதுகைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே கண்ணாடித் தட்டு, ஒட்டு வேலை இல்லை.

உயர்ந்த தெளிவுள்ள அகலப் படங்களின் பயன் வேறு என்று நினைக்கிறேன்: எடுத்தவருக்கே அப்போது முக்கியமாகத் தோன்றாதவற்றையும் அவை காப்பாற்றுகின்றன. ஜோலி தெ லோத்பினியேர் 1839இல் பார்த்தெனனை டாகுரோடைப்பில் (வெள்ளி பூசிய செப்புத் தட்டில் படமெடுக்கும் தொடக்ககால முறை) எடுத்தபோது அதன் நடுவே ஒரு சிறிய மசூதி இருந்தது. தட்டு தொலைந்துவிட்டது, அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படம் மட்டும் இருக்கிறது. மசூதி பின்னர் சில ஆண்டுகளிலேயே இடிக்கப்பட்டது. 1842இல் ஏதென்ஸ் வந்த ழிரோ தெ பிராஞ்சே அகலவாக்கில் நீண்ட தட்டுகளைப் பயன்படுத்தினார். அக்காலப் படங்களில் அக்ரோபோலிஸ் நுழைவாயிலின் மேல் நிற்கும் இடைக்காலக் கோபுரம் 1875இல் அகற்றப்பட்டது. இன்று அந்தக் கோபுரத்தின் கற்களை அறிய விரும்புபவருக்கு இத்தகைய படங்களே கதி. உங்கள் படத்தில் சாரம், கயிறு, பாரந்தூக்கி எல்லாம் இருக்கட்டும் என்பேன். எந்தக் கல் எந்த ஆண்டில் எந்த நிறத்தில் இருந்தது என்பதற்கு அவை பின்னாளில் சாட்சி.

வெளிச்சக்கோடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூலப் படங்களைத் தட்டை முறையில் மீண்டும் ஒட்டினேன். படியின் இரு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கோடு இழுத்துப் பார்த்தபோது, நடுவில் படி அந்தக் கோட்டுக்கு மேலே 43 பிக்சல் உயர்ந்திருக்கிறது! அளவையர் ஐயா சொன்ன 37க்கு இவ்வளவு அருகே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கைப்பிடியில் எடுத்த படத்திலிருந்து 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கொத்தர்களின் அளவைத் தொட்டுவிட்டேன் என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற அளவையர் எழுதியது:

பெருமைப்படுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. எந்த லென்ஸும் நேர்கோட்டைச் சிறிதளவாவது வளைக்கும். ஹூகின் அதைக் கணக்கிட்டுத் திருத்தினாலும் கொஞ்சம் மிஞ்சும். நீங்கள் கோயிலின் உச்சி வரை பிடிப்பதற்காகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருப்பீர்கள், ஆகவே படி சட்டத்தின் கீழ்ப்பகுதியில் விழுந்திருக்கும். லென்ஸின் வளைவு மிகுதியாக இருப்பதும் அங்கேதான். 43இல் எத்தனை லென்ஸுடையது என்று தெரியாமல் அதை அளவு என்று சொல்லக் கூடாது.

கடற்கரைக்குச் செல்லுங்கள். அதே லென்ஸ், அதே சாய்வு, அதே ஒன்பது படங்கள்; கடலின் அடிவானம் சட்டத்தில் படி இருந்த அதே உயரத்தில் விழ வேண்டும். அதை அதே வழியில் ஒட்டித் தட்டை முறையில் வெளியிட்டு, அடிவானம் எத்தனை பிக்சல் வளைகிறது என்று பாருங்கள். நம் தேவைக்கு அதைவிட நேரான கோடு இயற்கையில் கிடைக்காது.

வெளிச்சக்கோடு எழுதியது:

நேற்று விடியற்காலையில் சென்றுவந்தேன். மூட்டம் இல்லாத நாளுக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அடிவானம் நடுவில் 9 பிக்சல் உயர்ந்து வளைகிறது. அதைக் கழித்தால் படியில் 34 மிஞ்சுகிறது. அதாவது ஏறக்குறைய 10 செ.மீ. நான் நின்ற தொலைவே காலடியால் அளந்த உத்தேசம் என்பதால், இதற்குமேல் நுணுக்கம் தேடுவதில் பொருளில்லை என்று நினைக்கிறேன்.

மாட்டுவதற்கு ஓரங்களைச் சற்று வெட்டி, தட்டைக்கும் உருளைக்கும் இடைப்பட்டதாக ஹூகினில் உள்ள பனினி முறையைத் தேர்ந்தெடுத்தேன். உத்தரம் சிறிதே வளைந்தாலும் மூலைத் தூண்கள் தட்டை முறையில் பெருத்ததைப் போலப் பெருக்கவில்லை. தட்டை முறைப் படம் மகளின் கணினியில் இருக்கிறது. அச்சகத்தில் படத்தைத் திறந்த இளைஞர், மேலே கொஞ்சம் வளைகிறது, நேராக்கிவிடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வலது மூலையில் இருக்கும் சாரத்தையும் விட்டுவிட்டேன். இடப்பக்கத்துக் கயிற்றுக் கம்பம் ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் முழுமையாக விழாததால் இன்னமும் இரட்டையாகவே நிற்கிறது. அது சோபாவின் முதுகுக்குப் பின்னால் மறையும் உயரத்தில் ஆணி அடித்திருக்கிறேன்.